மேலது

வால்டிவியாவில் மழை
சாய்வெழுத்தில்தான் பெய்யும்,
ஆண்டுக்கு எட்டு மாதம்.
மீதி நான்கில் ஜன்னலைத் துடைக்கிறோம்.

பல்கலைக்கழக நூலகம், இரண்டாம் தளம்.
ஆய்வேடுகளின் வடிவம் பார்ப்பவள் நான்.
உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது
என் வேலையில்லை.
இடது ஓரம் நான்கு சென்டிமீட்டர்,
நூலின் பெயர் சாய்ந்து, கட்டுரையின் பெயர் நிமிர்ந்து,
ஆண்டு பிறைக்குறிக்குள்,
பிறகு ஒரு புள்ளி.
அந்தப் புள்ளிக்காக இந்த மேசையில் அழுதவர்கள் உண்டு.
டிஷ்யூப் பெட்டி வைத்திருக்கிறேன்.

நிவால்டோ ஒஹேடா அழவில்லை.
சிப்பிகளைப் பற்றி இருநூற்றுப் பத்துப் பக்கம்,
மூன்றாம் முறையாகக் கொண்டுவந்திருந்தான்.
கோட்டில் டீசல் வாடை.
"சிவப்பு அலைக்கு முன்
சிப்பிகள் மூன்று நாள் வாய் திறப்பதில்லை."
இதற்குச் சான்று எங்கே என்றேன்.
இருக்கிறதே என்றான்.
இரண்டாயிரத்துப் பதினொன்று.

அதை எடுத்துப் பார்த்தேன்.
அது தொண்ணூற்றெட்டைக் கை காட்டியது.
தொண்ணூற்றெட்டு, எண்பத்து மூன்றை.
எண்பத்து மூன்றில் கார்காமோ என்பவர்
அறுபத்தொன்றாம் ஆண்டின் துறைமுக அறிக்கையை,
பக்கம் எண்பத்தெட்டு என்று.
மின்சாரம் போன மாடிப்படியில்
முன்னால் போகிறவரின் சட்டையைப் பிடித்தபடி
எல்லாரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.
முன்னால் போகிறவர் யாரைப் பிடித்திருக்கிறார் என்று
யாரும் கேட்கவில்லை.

அங்குட் கிடங்கிலிருந்து அறிக்கை வர
மூன்று வாரம்.
பிளாஸ்டிக் உறையைப் பிரித்ததும்
பக்கத்து மேசை ரோசால்பா தும்மினாள்.
பக்கம் எண்பத்தெட்டு:
ஜூலை மாதத்தின் ஓத நேரங்கள்.
கீழே படகு வண்ண விளம்பரம்,
பச்சை மட்டும் தள்ளுபடி.
சிப்பி இல்லை. வாயும் இல்லை.

மூடப் போனபோதுதான் ஓரத்தைப் பார்த்தேன்.
ஓரம் பார்ப்பதுதானே என் சம்பளம்.
பென்சில், கொஞ்சம் நடுங்கிய கை:
"சிவப்பு வருமுன் மூன்று நாள் வாய் மூடும்.
சொன்னது சுனில்டா பார்ரியா,
படகுச் சமையல்காரி, கெயோன்."
பின்னட்டைப் பையில் கடன் அட்டை.
அதில் ஒரே ஒரு பெயர். கார்காமோ, மே எண்பத்திரண்டு.

கோபம் வரவில்லை எனக்கு.
அவர் நிலைமை தெரியும்.
வாயால் வந்த சொல்லுக்குப் பட்டியலில் இடமில்லை.
ஆண்டு கேட்பார்கள், பதிப்பகம் கேட்பார்கள்,
அடுப்புக்கு எந்தப் பதிப்பகம்?
எழுதிவைத்த தாள் எதுவோ
அதன் தலையிலேயே கட்டிவிட்டார்.
பக்க எண்ணில் மட்டும் பொய் சொல்லவில்லை.

நிவால்டோ அதை வெகுநேரம் பார்த்தான்.
"இதை எப்படிப் போடுவது, செனோரா?"
கையேட்டைத் திறந்தேன்.
நீ நேரில் கேட்டிருந்தால் உரைக்குள் மட்டும் போடலாம்,
பட்டியலில் கூடாது. நீ கேட்கவில்லை.
அச்சிட்ட நூல் என்றால் போடலாம். அவள் அச்சாகவில்லை.
இருபத்திரண்டு ஆண்டில் முதல் முறையாக
கையேட்டை மூடிவிட்டு நானே சொன்னேன், அவன் எழுதினான்:

பார்ரியா, சுனில்டா. (ஆண்டு தெரியவில்லை).
[ஓரக்குறிப்பு, பென்சில், வேறொருவர் கையெழுத்தில்].
அங்குட் கிடங்குப் படி, பக்கம் 88.

முதலெழுத்து போதும் என்கிறது விதி.
சுனில்டா என்று முழுதாகவே இருக்கட்டும் என்றேன்.

எங்கள் அகரவரிசையில் பார்ரியா
கார்காமோவுக்கு முன்னால் வரும்.
இனி யாராவது அவர் வரியில் விரல் வைத்து
மேலது என்று எழுதினால்
மேலே இருப்பது அவள்.

கையெழுத்திட்டேன். முத்திரை குத்தினேன்.
மறுவாரம் அலமாரியில் பார்த்தேன்:
சதுர அடைப்புக்குப் பின்னால்
ஒரு புள்ளி கூடுதல்.

யாரும் அழவில்லை.