கோசோங்

சனிக்கிழமை மூன்று மணி.
ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால், மாமாக் கடையில்
மின்விசிறிக்கும் சுவர்ப் பிளக்குக்கும் நடுவே
இருக்கிற மேசைதான் என் அலுவலகம்.
வாடகை, மணிக்கு ஒரு தே ஓ கோசோங்.

இரண்டு பெண்டிரைவ், ஒரு திருப்புளி,
தூசி தட்ட ஒரு பழைய பல்துலக்கி.
‘லினக்ஸ் உதவி, நேரில்’ என்று
மூன்று மொழியில் எழுதிய அட்டையை
சீனி டப்பாவில் சாய்த்து வைத்திருக்கிறேன்.
கீழே ‘இலவசம்’ என்றிருந்ததை
போன வருடம் அடித்துவிட்டேன்.
இலவசம் என்றால் ஆள் வருவதில்லை,
காப்புறுதி விற்கிறவள் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போனில் எல்லாருக்கும் ஒரே நோய்:
“ஸ்கிரீன் கறுப்பாயிருச்சு.”
நேரில் வந்தால்தான் தெரியும்,
குகனேஸ்வரனுக்கு அது கழன்ற கேபிள்,
மேடம் சியூவுக்கு உள்ளே குடியேறிய எறும்பு,
பள்ளி வேன் ஓட்டும் அஸ்மானுக்கு
வெளிச்சத்தைக் கடைசி வரை குறைத்துவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் மடியில் உட்கார்ந்திருக்கும்
மூன்று வயது மகன்.

லாரி கம்பெனியில் கணக்கெழுதிய தேவநாயகம்
முதல் தடவையாக டெர்மினலில் கடவுச்சொல் தட்டினார்.
“ஒண்ணும் விழலியேம்மா.”
விழுது அங்கிள். காட்டாது, அவ்வளவுதான்.
“நட்சத்திரம்கூடப் போடாதா?”
போடாது. எத்தனை எழுத்து என்றுகூட
பக்கத்தில் இருக்கிறவளுக்குத் தெரியக்கூடாது.
கையை எடுத்துவிட்டார். சட்டையில் துடைத்தார்.
பிறகு ஒற்றை விரலால்,
கரண்ட் போன வீட்டில் மாடிப்படி இறங்குகிறவர்போல,
ஒவ்வொன்றாக.
நான் முகத்தைத் திருப்பி
ரொட்டி வீசுகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
திறந்தது.
“உண்டியல் மாதிரி இருக்கு,” என்றார்.

இவ்வளவும் சொல்கிறேன்,
ஹேமலோசனியைச் சொல்லாமல் தள்ளிப்போடத்தான்.

கெலுகோரில் டியூஷன் எடுக்கிறவள்.
பதினோரு வருடக் கேள்வித்தாள்கள் ஒரு வெளி டிஸ்கில்.
அதைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்கவேண்டும்,
சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.
முந்தின இரவு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
பன்னிரண்டு மணி நேரம் நின்றிருந்தேன்,
அது காரணமில்லை.
ஒரே அளவில் இரண்டு டிஸ்க்,
பெயரில் ஓரெழுத்து வித்தியாசம்.
‘நிச்சயமா?’ என்று கேட்டது.
நிச்சயம் என்று தட்டினேன்.

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
அந்த நேரம் பார்த்துக் கடைப் பையன் வந்து
“அக்கா, இன்னொரு கோசோங்?”

மூன்று இரவு தோண்டினேன்.
ஈராயிரத்துச் சொச்சம் கோப்புகள் கிடைத்தன,
ஒன்றுக்கும் பெயரில்லை. வெறும் எண்கள்.
கொண்டுபோய்க் கொடுத்தபோது
திட்டுவாள் என்று ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.
அடுத்த சனிக்கிழமை அவளே வந்து
எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.
“வேற யார்கிட்டப் போறது?
என்ன பண்ணினேன்னு உனக்குத்தானே தெரியும்.”

இப்போது யார் வந்தாலும்
குடிக்க என்ன வேண்டும் என்பதற்கு முன்னால்
நகல் இருக்கிறதா என்று கேட்கிறேன்.
இல்லை என்பவர்களைத் திருப்பி அனுப்புகிறேன்.
சிலர் வருகிறார்கள், சிலர் வருவதில்லை.

அவள் மட்டும் வாரம் தவறாமல்,
ஒவ்வொரு எண்ணாகத் திறந்து
பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள்:
படிவம் இரண்டு, பின்னம்.
படிவம் மூன்று, அரையாண்டு, திருத்தியது.
இன்று நானூற்றுப் பதினெட்டாவது.
ஸ்கேன் செய்த ஒரு விடைத்தாள், யாருடையதோ.
ஏழாம் கேள்விக்குக் கணக்குப் போடாமல்
ஒரு பூனை வரைந்திருந்தது, மீசையோடு.
“இதுக்கு என்ன பேரு வைக்க?” என்றாள்.
எனக்குச் சொல்ல உரிமையில்லை.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
‘பூனை’ என்று சேமித்தாள்.