இறங்கக் காசில்லை

குத்தாய்சியில் எங்கள் கட்டடத்து லிஃப்ட்
பத்துத் தெத்ரி போட்டால்தான் நகரும்.
அந்தக் காசுப்பெட்டியைத் திறந்து எண்ணுகிறவள்
என் நாவலின் லாமாரா.
முப்பது பக்கம் எழுதி
ஏழாம் மாடிக்கும் எட்டுக்கும் நடுவில்
அவளை மாட்ட வைத்துவிட்டேன்.
எப்படி வெளியே எடுப்பது என்று தெரியவில்லை.

நான் ரொட்டி சுடுகிறவன்.
"முதலில் வாசகரைச் சேருங்கள்,
புத்தகம் அப்புறம்" என்றார் திபிலிசிப் பதிப்பாளர்,
பூனைகளைக் கூட்டி வா,
மீன் பிடிப்பதை அப்புறம் பார்க்கலாம் என்பதுபோல.

சேர்த்தேன்.
ஞாயிறு இரவுதோறும் ஒரு பக்கம்,
மாவு படாத விரலால் தட்டி ஏற்றினேன்.
இரண்டு மாதத்தில் பத்தொன்பது பேர்.
ஒருத்தி என் தங்கை நானுலி.
இன்னொருத்தியும் அவளே, வேறு பெயரில்.
ஒன்று டயர் விற்கும் கடை.

பத்தொன்பது இருபதான இரவு
எழுந்து தண்ணீர் குடித்தேன்.
காலையில் மறுபடி பத்தொன்பது.
போனது யார்?
மாவு பிசையும் நேரமெல்லாம் அதே யோசனை.
டயர் கடையாக மட்டும் இருக்கக் கூடாது.
இதுவரை என்னிடம் எதையும் கேட்காத வாசகர் அது.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை.
கூட வேலை செய்யும் பெசிக்
விளையாட்டாகப் படம் பிடித்தான்:
சூளைக்குள் இடுப்புவரை கவிழ்ந்து,
கால் இரண்டும் தரையை விட்டு எழும்ப,
உள்சுவரில் மாவை அறைந்துவிட்டு
நான் மீள்வது.
பதினோரு நொடி.
அதில் என் முகம்கூட இல்லை.

எண்பத்து நாலாயிரம் பேர் வந்தார்கள்.
பிரேசிலில் இருந்து ஒருவர் கேட்டார்,
"இவர் எப்போதாவது உள்ளே விழுந்திருக்கிறாரா?"
புசானில் இருந்து ஒருத்தி,
"அந்தக் கால்களை மறுபடி காட்டுங்கள்."
காட்டினேன்.
பொய் எதற்கு, பிடித்திருந்தது.
ஒன்பது நாள் எழுதவில்லை.
லாமாரா இருட்டில் நின்றாள்,
கை நிறையச் சில்லறையோடு.

பத்தாம் நாள் வெட்கம் வந்தது.
ஒரே மூச்சில் முப்பத்தோராம் பக்கம்:
விளக்கு எரிகிறது, அவள் காசு போடுகிறாள்,
லிஃப்ட் முனகிக்கொண்டு இறங்குகிறது,
தெருவில் பனி.
அத்தனை பேர் முன்னிலும் வைத்தேன்.

எண்ணிக்கை இறங்கிய வேகம் இருக்கிறதே,
விருந்தில் வாழ்த்துச் சொல்ல எழுந்தவர் கையில்
ஏழு தாள் இருப்பதைப் பார்த்து
ஒவ்வொருவராக மேலங்கி தேடுவார்களே, அப்படி.
"ரொட்டி எங்கே?" என்றார் ஒருவர்.
இன்னொருவர், "எழுத்து ஜாஸ்தி."
பெசிக் என் தோளைத் தட்டினான்.
மாவுத் தடம் சட்டையில் நின்றது.

நள்ளிரவு தாண்டி ஒரு செய்தி.
வணக்கம் இல்லை, இதயக்குறி இல்லை.

"லாமாரா இறங்குவதற்கும் காசு போடுகிறாள்.
ஒன்பதாம் பக்கத்தில்
'இந்தக் கட்டடத்தில் இறங்கக் காசில்லை' என்று
ஆறாம் மாடிக்காரரிடம் அவளேதான் சண்டை போட்டாள்.
எது சரி?
மாக்வாலா, சுக்திதி."

ஒன்பதாம் பக்கம்
போன அக்டோபரில் ஏற்றியது.
அந்தப் பத்தொன்பது பேரில்
மாக்வாலா என்று யாரும் கிடையாது.
பெயருக்குப் பக்கத்துப் படத்தை
விரலால் விரித்துப் பார்த்தேன்.
ஒரு டயர்.

போர்வையை உதறிவிட்டு உட்கார்ந்தேன்.
லாமாராவின் விரலில் இருந்து
பத்துத் தெத்ரியை வாங்கி
அவள் கோட்டுப் பையிலேயே திரும்பப் போட்டேன்.
"ஒன்பதுதான் சரி, மன்னியுங்கள்" என்று எழுதினேன்.

"சரி. பனியில் எங்கே போகிறாள்?"

எனக்கும் தெரியவில்லை.
மாவு பொங்க இன்னும்
இரண்டு மணி நேரம் இருந்தது.