நான்காம் இதழ்

தீர்த்தமலை தன் இதழுக்கு
'அமிலம்' என்று பேர் வைத்தார்.
சூரமங்கலம் பார்சல் ஆபீஸில்
கட்டைத் தொடவே பயந்தார்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அச்சகம்.
முகூர்த்தம் இல்லாத மாதம் பார்த்துத்தான்
எங்களுக்கு மெஷின் கிடைக்கும்.
தேய்ந்த ஹவாய்ச் செருப்பில்
நவமணி செதுக்கிய அச்சு:
வெள்ளைக்கல் சுரங்கம்
கன்னங்கரேலென்று விழும்.
உள்ளே இறங்கிப் பார், கறுப்புத்தான் என்பாள்.

நான்காம் இதழில் எழுத்தே வேண்டாம் என்றார்.
தாளுக்கு ஒரு ஓட்டை, அவ்வளவுதான்.
இருநூறு பிரதி.
கொலுசுப் பட்டறை உளியால்
மூன்று ராத்திரி அடித்தவன் நான்.
மழை வந்தால் கட்டைவிரல் இன்னும் சொல்லும்.

நவமணி கேட்டாள்: இதில் என் படம் எங்கே?
போனவள் திரும்பவில்லை.
கவிதை எழுதிய இரண்டு பேரும்
அவள் பின்னாலேயே.

ஏற்காட்டிலிருந்து ஒரு கார்டு,
காப்பி எஸ்டேட் கணக்கர்:
'இதழை எலி கடித்திருக்கிறது.
வேறு அனுப்பவும்.'

தீர்த்தமலை சிரிக்காமல்
வேறு அனுப்பினார்.

'இதையும் கடித்திருக்கிறது.
ஆனால் பனி விலகின நேரம்
அது வழியாகப் பார்த்தேன்.
உங்கள் ஊர் முழுசும் அடங்குகிறது.
அடுத்த வருஷச் சந்தா
எட்டு ரூபாய் மணியார்டரில்.'

ஐந்தாம் இதழ் வரவில்லை.
காகிதக் கடை பாக்கிகூட அடைந்துவிட்டது.
அந்த எட்டு ரூபாய்தான்
நிற்கிறது.