மூன்றாம் பிரிவு

வூச் நகர வரி அலுவலகத்தில்
என் எண் நூற்றுப் பதினேழு.
காலணிகளில் ஒட்டி வந்த பனி
தரையெங்கும் குட்டை கட்டியிருக்கிறது.

கண்ணாடிக்கு அப்பால் இருப்பவன் கோர்னெல்.
பெயரைச் சட்டையில் குத்தியிருக்கிறான்.
நல்ல பையன்.
என் பேனா எழுத மறுத்தபோது
தன்னுடையதைக் கொடுத்தான்.

ஏழாவது கட்டம்:
இறந்தவருக்குத் தாங்கள் என்ன உறவு?

கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தோர்:
இவர்களுக்கு வரி இல்லை.
மைத்துனர், மருமகன், மாமன், அத்தை:
இவர்களுக்குக் கொஞ்சம்.
கடைசி வரியில், மூன்றாம் பிரிவு: மற்றவர்.

மற்றவர் என்றால்?
"அந்நியர்கள், அம்மா" என்றவன்
திரையில் எதையோ தேடத் தொடங்கினான்.

இருபத்தாறு வருடம்
லுட்விகாவுக்கு இன்சுலின் போட்டது இந்த அந்நியள்.
இடது தொடை, வலது தொடை,
மாற்றி மாற்றி.

அந்நியர் கட்ட வேண்டியது ஏறக்குறைய ஐந்தில் ஒன்று.
சரி, எந்த ஐந்தில் ஒன்று?
சாத்தினால் சாத்தாத குளியலறைக் கதவா?
டிராம் திரும்பும்போதெல்லாம்
அலமாரிக்குள் நடுங்கும் கோப்பைகளா?
கட்டிலில் சுவர்ப்பக்கத்தை வெட்டிக்கொள்ளட்டும்.
இல்லை, சுவர்ப்பக்கம் அவளுடையது.
பால்கனியில் வெள்ளரி ஊறுகாய் ஜாடிகள்,
எல்லாவற்றிலும் 'ஆகஸ்ட்' என்று அவள் கையெழுத்து.
எண்ணிவிட்டேன், பதினொன்று.
ஐந்தால் வகுபடாது.

ஜனவரிதோறும் பாதிரியார் வீட்டை ஆசீர்வதிக்க வருவார்,
கதவின் மேல் சாக்கட்டியால் எழுதுவார்.
அவர் மாடியேறும் சத்தம் கேட்பதற்குள்
என் தலையணை சோபாவுக்குப் போய்விடும்.
"அக்கா தங்கை என்றால் இப்படி இருக்க வேண்டும்!"
ஆமாம் ஃபாதர், என்போம்.
கீழ்வீட்டு மிரோஸ்வாவாவிடம் அதே பொய்.
மருத்துவமனையின் இரவுத் தாதியிடமும்.
அந்தப் பொய்தான் அவள் தலைமாட்டில்
எனக்கு ஒரு நாற்காலி போட்டுக்கொடுத்தது.

இப்போது கணக்குப் பார்க்கிறேன்.
அந்தப் பொய்யை இந்தக் கட்டத்தில் எழுத முடிந்தால்
ஒரு காசு கட்ட வேண்டாம்.
பதினெட்டு வருடம் தொலைபேசி எடுக்காத அவள் தம்பிக்கு
இந்த வீடு போயிருந்தாலும்
ஒரு காசு கட்ட வேண்டாம்.
உண்மைக்கு மட்டும்
எழுபத்து மூவாயிரம் ஸ்வோட்டி.

"சட்டம் வரும், பார்" என்பாள்
தேர்தல் இரவுகளில் வானொலியைக் கூட்டி வைத்து.
வரும்போது மோதிரம் போட விரல் வளைந்திருக்கும்,
கேக் கடிக்கப் பல் இருக்காது, என்பேன்.
சிரிப்பாள். பல் செட்டைக் கழற்றிக் காட்டுவாள்.
போன வருடத் தேர்தலுக்கு
அவள் சிரிக்கவில்லை.

"சுருக்கமாக எழுதினால் போதும்" என்கிறான் கோர்னெல்.
கட்டம் நான்கு விரல் அகலம்.
கடன் வாங்கிய பேனாவால்
'லுட்விகாவின்' என்று எழுதிவிட்டேன்.
அடுத்த சொல்லுக்காக
அவனும் காத்திருக்கிறான், நானும்.

பின்னால் நூற்றுப் பதினெட்டு
இருமத் தொடங்குகிறது.