மூன்று கிலோ

சோஹார். இரவு இரண்டரை.
சாரம் சரிந்து விழுந்த செபமாலையின் வயிற்றில்
குப்பூஸும் பருப்பும் செரிக்காமல் கிடக்கின்றன.

"அழுத்து" என்கிறார் டாக்டர் ஹிலால்.
மோதிரக் குருத்தெலும்பில்
கட்டைவிரல், சுட்டுவிரல்.
நேர் பின்னால், மூன்று கிலோ;
அறையில் வெங்காயத் தராசை அழுத்திப்
பழகிய எடை.

டாக்டர் ஷைனி என்றால் வேறு:
அதெல்லாம் பழைய நம்பிக்கை,
உணவுக்குழாய் நழுவி ஒதுங்கிவிடும்.
குரல்வளையைப் பின்னுக்குத் தள்ளி,
மேலே, வலப்பக்கம்;
எனக்கு வழி தெரிந்தால் போதும்.

இருவருக்கும் நடுவே
கழுத்தில்
ஒரு விரற்கடை தூரம்.

குழாய் இறங்கிற்று.
பலூன் ஊதும்வரை விடவில்லை.
என் விரல்தான் முதலில் மரத்தது.

இரண்டாம் நாள் வார்டில்
தொண்டையைத் தடவிக்கொண்டே சொன்னான்,
கனவில் எவனோ நெரித்தானாம்.

கையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"எப்பண்ணே சாப்பாடு தருவாங்க?"