இரண்டு பத்தி அகலம்

பிளாக் கொழும்பில்தான் செய்ய வேண்டும்.
சதுர அங்குலத்துக்குக் காசு.
ஆகவே எங்கள் வாரப் பத்திரிகையில்
மட்டக்களப்பின் முகங்கள் எல்லாம்
இரண்டு பத்தி அகலம்.

படத்தை மேசையில் போட்டு
சாமித்தம்பி மாஸ்டர் சிவப்புப் பென்சிலால்
இரு புறமும் கோடு கிழிப்பார்.
கோட்டுக்கு வெளியே நின்றவர்
அந்த விழாவுக்கு வரவே இல்லை.

நாடா வெட்டிய மந்திரி இருப்பார்.
கத்தரிக்கோல் தட்டம் ஏந்திய பிள்ளையின்
விரல்கள் மட்டும் இருக்கும்.
ஏறாவூரில் சந்தை திறந்தபோது
பந்தல் போட்ட ஆதம்பாவா
மூன்று கிழமை என்னோடு பேசவில்லை.
நாலாவது கிழமை வந்து,
"என்ட பந்தலையாவது விட்டீங்களே" என்றார்.

மாதத்துக்கு ஒரு சுருள், முப்பத்தாறு படம்.
சூறாவளி அடித்த மறுநாள்
கமராவுக்குள் நான்கு மிச்சம்.
கல்லடிக் கரை முழுக்கத் தலையில்லாத தென்னைகள்.
ஓடு பறந்த காரியாலயத்தில் குந்தியிருந்து
மாஸ்டர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.
"இதில நான் வெட்ட என்ன இருக்கு?" என்றார்.

கிட்ட வாங்க, இன்னும் கொஞ்சம்,
தோளைக் கிறுக்கி நில்லுங்க.
எவரையும் பென்சிலுக்குக் கொடுக்காமலிருக்க
எனக்குத் தெரிந்த ஒரே வழி.
கச்சேரியடியில் சைக்கிளில் போனால்
"கிட்டவாங்க போறார்!" என்று பொடியன்கள் கத்துவார்கள்.
கோயில் வழக்கில் எதிரெதிராக நின்ற
இரண்டு வண்ணக்கர்மார்
ஒருவர் வேர்வை மற்றவரில் பட ஒட்டி நின்றார்கள்,
நொடியில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம்.
பிறகு தனித்தனி வாசலால் போனார்கள்.

போன வெள்ளி
ஆரையம்பதியிலிருந்து ஒரு பெண் வந்தார்.
தவமலர் என்று பெயர் சொன்னார்.
பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பத்திரிகைத் துண்டு:
வெபர் மைதானம், விடிவெள்ளி அணி,
கிண்ணத்தோடு பதினொரு பேர்.
இடது ஓரத்தில்
கோட்டுக்கு இந்தப் பக்கம் தப்பி வந்த
ஒரு முழங்கை.
அதற்குக் கீழே பந்துப் பம்பின் கைப்பிடி.

"இது எங்கட கிருபைராசா.
வேற படம் ஒண்டும் வீட்டில இல்ல.
மிச்சம் இருக்கா?"

மிச்சம்.
தொண்ணூறாம் ஆண்டு, ஆனியில்,
கிணற்றடியில் வைத்து நானே எரித்தேன்.
என் பெட்டிக்குள் ஊரின் முகங்கள் இருப்பது
ஊருக்கும் எனக்கும் கூடாது என்றிருந்த நாட்கள்.
புளித்த மணம் வேலியைத் தாண்டிப் போக,
"அச்சாறா போடுறீங்க?" என்று
பக்கத்து வீட்டில் கேட்டார்கள்.
ஓம் என்றேன்.

அதையும் சொன்னேன்.
தலையை ஆட்டினார். எழும்பவில்லை.

எனக்கு அவனை ஞாபகம் இல்லை.
பொய் ஒன்று தொண்டை வரைக்கும் வந்தது.
கிட்ட வா தம்பி என்று நான் கூப்பிட,
"நான் டீம் இல்லையே அண்ணன்" என்று
அவன் தள்ளியே நின்றதாக ஒரு குரல் கேட்கிறது.
அது அன்றைக்கு அவன் சொன்னதா
இன்றைக்கு நான் சொல்லவைப்பதா, தெரியாது.
அதனால் அதைச் சொல்லவில்லை.

பூதக்கண்ணாடியை எடுத்தேன்.
முழங்கையின் நிழல்
பக்கத்துப் பொடியனின் ஜேர்சியில்
ஏறக்குறையப் படுத்தபடி விழுந்திருந்தது.
அப்ப நேரம் அஞ்சரை இருக்கும், என்றேன்.
வாவிப் பக்கத்து வெயில்
அவன்ட வலது கன்னத்தில அடிச்சிருக்கும்.
அந்தக் கண்ணை மட்டும் சுருக்கியிருப்பான்.
வாயும் அந்தப் பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கும்.

அவர் தன் வலது கண்ணைச் சுருக்கினார்.
"இப்பிடியா?"

இன்னும் கொஞ்சம், என்றேன்.

போகும்போது படியில் நின்று செருப்பைத் தேடியபடி,
"அந்தப் பம்ப் எங்கட அறைக்குள்ள கிடக்கு" என்றார்.
"வாசர் தேஞ்சு போயிட்டு. காத்து ஏறாது."

தோல் வாசர்
பஸ் நிலையத்தடிச் சைக்கிள் கடையில்
இப்பவும் கிடைக்கும் என்றேன்.
அளவுக்குப் பழசைக் கழற்றிக்
கொண்டுபோகச் சொன்னேன்.