கண்ணாடியில் சத்தம் பதியாது

மணிக்கட்டுக்கு மேலே, கையுறை முடியும் இடத்தில்
ஒரு பச்சரிசி அளவுக்கு.
மாவு ஒட்டியிருக்கிறது என்று துடைத்தேன்.
பிறகு ஃபார்மலின் மேல் சந்தேகப்பட்டேன்.
பிறகு சோப்பு.

ஈஸ்டர் வெள்ளி, இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் வரிசையில்
தேங்காய்த் தட்டை நீட்டினேன்.
வாங்க வந்த பெண் கையை இழுத்துக்கொண்டாள்,
சிரித்தாள்,
வாங்கிக்கொண்டாள்.
மூன்றும் ஒரே நொடியில்.

என் வேலை தோல் சீவுவது.
டர்பன் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம், ஜன்னல் கிடையாது.
மெழுகில் உறைந்த துணுக்கை
நாலு மைக்ரான் தடிமனில் இழைத்து
வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்துவேன்.
பதினெட்டு வருஷமாக ஊரார் தோல்.

அதில் கிளைச்செல்கள் இருக்கும்.
சாயம் ஏற்றினால் பழுப்பாக எழும்பும்,
உம்கேனி முகத்துவாரத்துச் சதுப்பு வேர் மாதிரி,
உடம்பே கைகளாக.
அவை பொறுக்கித் தின்பவை.
தினமும் உதிரும் சொந்தக் குப்பையை விழுங்கி அரைத்து
ஒரு துண்டை மட்டும் மேலே ஏந்திக்கொண்டு
நிணநீர்க் கணுவுக்குப் போகும்.
அங்கே டி செல்கள், கை துறுதுறுக்கும் இளவட்டங்கள்.
இதைப் பார், என்று காட்டும்.
அவ்வளவுதான், குரலை உயர்த்தாது.
அதட்டாமல் காட்டியதைக் கண்டவை அடங்கிப்போகும்,
சில மடியும்,
சில மனம் மாறி
அடிக்கக் கிளம்பும் மற்றவற்றின் தோளைப் பிடித்து நிறுத்தும்.
கிருமி வந்த நாளில்
அதே கை, அதே ஏந்தல்,
கூடவே ஒரு கூச்சல்.
தொனிதான் வேறு.

நான் பிறக்குமுன் அப்பா
பீன்ஸ் மூட்டை ஏற்றி ஜோகன்னஸ்பர்க் ஓட்டினார்.
இந்தியன் நேட்டாலைத் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டிய காலம்.
ஃபோல்க்ஸ்ரஸ்ட் சாவடியில்
ஒருத்தன் சீட்டைப் பார்த்துவிட்டு ம் என்பானாம்.
இன்னொருத்தன் அதே சீட்டை உயர்த்திப் பிடித்து
பின்னால் நிற்கும் நாலு பேருக்கும் கேட்கும்படி
கூலி என்பானாம்.
அன்றைக்கு மூட்டை எல்லாம் ரோட்டில் அவிழும்.

என் சாவடியிலும் யாரோ கத்திவிட்டார்கள்,
நிறம் சுரக்கும் அணுக்களைக் காட்டி,
இங்கேயே பிறந்து
இங்கேயே கறுத்தவற்றைக் காட்டி.

டாக்டர் பெருமாள் மரக்க ஊசி போட்டு
மூன்று மில்லிமீட்டர் எடுத்தார்.
சீட்டில் பெயர் இல்லை, எண்: 2207.
நானே வெட்டினேன். வேறு யாரையும் விடவில்லை.
இரண்டு சீவல் கிழிந்தது.
கத்தி புதுசுதான்.

வெள்ளைக்கும் பழுப்புக்கும் நடுவே, வரப்பில்,
மூன்று கிளைச்செல்கள்.
எதையோ ஏந்தி நின்றன.
கத்தினவையா,
கத்தாதே என்று கெஞ்சிப் பார்த்துத் தோற்றவையா?
லென்ஸை மாற்றினேன்.
திரும்பவும் மாற்றினேன்.
கண்ணாடியில் சத்தம் பதியாது.

யாருடையது, என்றாள் பின்னால் வந்த நொக்வாண்டா.
எண்ணைச் சொன்னேன்.
அவள் என் முழுக்கைச் சட்டையைப் பார்த்தாள்.
வெளியே முப்பத்துநாலு டிகிரி.
போய் ரூய்போஸ் டீ போட்டு வந்தாள்,
சர்க்கரை கூடுதலாக.

வாரம் மூன்று தடவை விளக்குப் பெட்டிக்குள் கையை நீட்டுகிறேன்.
பிடிவாதம் தணிய மாதங்கள் ஆகும் என்றார்கள்,
தணியாமலும் போகலாம் என்றார்கள்.
ஆகஸ்டில், வெள்ளைக்குள்ளே,
ஒரு மயிர்க்காலைச் சுற்றி
ஒடித்த மிளகு அளவுக்குப் பழுப்பு.

சாப்பாட்டு வேளையில் நொக்வாண்டா
என் கையை மேஜை விளக்கடியில் பிடித்துக்கொண்டு
தன் பாஷையில் எண்ணுகிறாள்,
தூங்குகிற யாரையும் எழுப்பிவிடாத குரலில்.
குன்யே.
குபிலி.
மூன்றாவது
அழுக்கா, நிறமா என்று
எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்க்கிறாள்.